கடல்தான் பத்திரம்

ராணுவ மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தின் முதல் ஆறு பக்கங்களை நிரப்ப நூலுவுக்கு அரை மணி நேரம் போதுமாக இருந்தது. ஏழாம் பக்கத்தில் ஒரே ஒரு கேள்விதான். அதற்கு ஒன்பது நாள் ஆனது.

கேள்வியில் சிக்கல் ஒன்றும் இல்லை. தரைப்படை, கடற்படை, விமானப்படை என்று மூன்று கட்டங்கள். எந்தப் படைக்கு மருத்துவராகப் போக விருப்பம் என்று வரிசைப்படி எண் போட வேண்டும். கல்லூரி ஒன்றுதான், பாடமும் ஒன்றுதான். ஆனால் சேருகிற நாளிலேயே யாருக்கு எந்தச் சீருடை என்று முடிவாகிவிடும். பிறகு தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது.

நூலு அவளுடைய பெயர் அல்ல. அவள் அம்மா கேன்வாஸ் பட்டறை வைத்திருந்தாள். கூடாரம், லாரி தார்ப்பாய், ஜெனரேட்டர் உறை என்று முரட்டுத் துணியில் தைக்க வேண்டியதெல்லாம் அங்கே தைத்தார்கள். தவழுகிற வயதில் மெஷின்களுக்கு அடியில் புகுந்து தலை நிறைய நூலோடு வெளியே வந்த குழந்தைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பதினெட்டு வயதிலும் ஆள் நூல் மாதிரிதான் இருந்தாள். அம்மாவைத் தெருவில் எல்லோரும் தார்ப்பாய்க்காரம்மா என்றார்கள். அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பழகுகிறவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து தனக்கென்று வைத்த பிரேக்கை மிதித்து மிதித்து, வீட்டில் யாராவது திடுக்கென்று ஏதாவது சொன்னாலும் அவர் வலது கால் தானாகத் தரையை அழுத்தும்.

அன்று மதியம் துணி வெட்டும் மேசையில், சாப்பாட்டு டப்பாக்களுக்கு நடுவே விண்ணப்பம் கிடந்தது.

"விமானம் நமக்குக் கிடையாது. கண்ணாடி போட்டவங்களை எடுக்க மாட்டாங்க. அது மூணு," என்றாள் நூலு. "தரை ஒண்ணு, கடல் ரெண்டு. முடிஞ்சுது."

"தரை எதுக்கும்மா? மண்ணுல உருளணும்," என்றார் அப்பா. "கப்பல்னா வெள்ளைச் சட்டை. இஸ்திரி மடிப்பு கலையாது."

"நான் என்ன சட்டைக்காகவா போறேன்? கூடாரம் போட்டு அதுக்குள்ளயே ஆபரேஷன் பண்றாங்கப்பா. அம்மா தைக்கிற கூடாரம்தான். எனக்கு அதுதான் வேணும்."

"அப்ப மழையில ஒழுகினா ஆளை வெளியில தேட வேண்டாம். நேரா வந்து உங்க அம்மாவைத் திட்டலாம்."

"நான் தைச்சது ஒழுகாது," என்றாள் அம்மா, தலையைத் தூக்காமல்.

அவள் ஏழாம் பக்கத்தின் அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். இவ்வாண்டு முதல், தேவை ஏற்படின், முதலாண்டு மாணவர்களும் தத்தம் படைப்பிரிவில் உதவிப் பணிக்கு அனுப்பப்படலாம் என்று இருந்தது. அடுத்த தெருப் பெண் போன வருடம் இதே விண்ணப்பத்தை நிரப்பியபோது தார்ப்பாய்க்காரம்மா கூடவே உட்கார்ந்திருந்தாள். அதில் இந்த வரி கிடையாது.

"இது என்ன புதுசா?"

"அதுவா? நல்லதுதானேம்மா. மத்த காலேஜ்ல மூணு வருஷம் பொம்மையைத்தான் தொட விடுவாங்க. இங்க முதல் வருஷமே வேலை கத்துக்கலாம்."

அப்பாவின் கால் மேசைக்கு அடியில் மெதுவாக அழுந்தியது.

ராணுவ ஸ்டோரிலிருந்து வழக்கமாக வரும் அதிகாரி இரண்டு நாள் கழித்து வந்தார். எப்போது வந்தாலும் முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முட்டி வலியைப் பற்றி ஒரு பாட்டம் சொல்லி முடித்துவிட்டுத்தான் வேலையைப் பேசுவார். அன்றைக்கு உட்காரவில்லை. கதவைச் சாத்திவிட்டு ஒரு தாளை நீட்டினார்.

"ஒரு கையெழுத்து வேணும்மா. இந்த வேலையைப் பத்தி வெளியில பேசக் கூடாது. வீட்டுலயும் சேத்துதான்."

"கூடாரத்துக்கெல்லாம் இப்படிக் கேட்டதில்லையே சார்."

"இது கூடாரம் இல்ல."

அவள் கையெழுத்துப் போட்ட பிறகு மாதிரியைப் பிரித்து மேசையில் விரித்தார். பச்சை நிறத்தில் ஒரு பை. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் கூடுதல் நீளம். பக்கத்துக்கு மூன்றாக ஆறு கைப்பிடி. ஒவ்வொரு கைப்பிடிப் பட்டையும் சதுரமாகத் தைக்கப்பட்டு, நடுவில் பெருக்கல் குறி போட்டு இறுக்கப்பட்டிருந்தது. ரொம்பக் கனமான எதையாவது தூக்குவதற்குத்தான் அப்படித் தைப்பார்கள். மூன்று பக்கமும் சுற்றி வரும் ஜிப். அவள் பழக்கத்தில் ஜிப்பைத் திறந்து, கையை உள்ளே விட்டு, உள்பக்க இழுப்பானைத் தேடினாள்.

"உள்ளேயிருந்து திறக்க ஒண்ணும் வைக்கலையே சார்."

"வேண்டாம்."

"படுக்கை உறைன்னு போட்டிருக்கு?"

"பேப்பர்ல அப்படித்தான் போடுவாங்க." அவர் ஓரத்தில் இருந்த மெஷினைப் பார்த்துப் பேசினார். "முதல் தவணை நாலாயிரம். மாசக் கடைசிக்குள்ள முதல் ஆயிரம் வேணும்."

அவள் கையை வெளியே எடுத்து, புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். புதுத் துணிதான். கையில் ஒன்றும் ஒட்டவில்லை.

பட்டறையில் தைக்கிற பெண்கள் ஆறு பேர். அவர்களிடம் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முதல் பையை முடித்து, தூக்கிப் பார்ப்பதற்காக உள்ளே எண்பது கிலோ மணல் மூட்டையை வைத்து ஜிப்பை இழுத்ததுமே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார்கள். தையல் தாங்கியது. மெதுவாகக் கீழே வைத்தார்கள், மணல் மூட்டைக்கு வலிக்கும் என்பது போல. மறுநாளிலிருந்து ரேடியோவை யாரும் போடவில்லை.

அப்பா மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர், மடித்து அடுக்கியிருந்ததில் ஒன்றை உருவிப் பிரித்தார். "ஆளையே உள்ள வைக்கலாம் போலிருக்கே. மலையேறுறவங்களுக்கா?"

"அதை வையுங்க."

"சும்மா பாக்கறேன். என்ன, இவ்வளவு..."

"வையுங்கன்னு சொல்றேன்ல."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு பையைப் பார்த்தார். வலது கால் தரையை அழுத்தி அப்படியே நின்றது. பையை இருந்த மடிப்பிலேயே மடித்து வைத்துவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டார்.

பச்சைத் துணி. பச்சை என்றால் தரைப்படை. தார்ப்பாய்க்காரம்மாவுக்குத் தெரிந்த கணக்கு அது. இத்தனை வருடமாகத் தரைப்படைக் கூடாரமெல்லாம் பச்சையில்தான் தைத்திருக்கிறாள். எல்லையில் எங்கோ நிலத்தில் என்னவோ நடக்கப் போகிறது, அதற்கு நாலாயிரம் பேர் என்று யாரோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். அந்த நிலத்துக்குத்தான் மகள் ஒன்று என்று எண் போடப் போகிறாள்.

அன்று மாலை அவள் மகளிடம் போய், "கடல் ஒண்ணுன்னு போடு," என்றாள்.

"என்னம்மா திடீர்னு?"

"கப்பல்ல சுத்தமா இருக்கும். ஏசி இருக்கும். நேரத்துக்குச் சோறு போடுவாங்க."

"அம்மா, பஸ்ல ஜன்னல் சீட் கிடைக்கலைன்னாலே வாந்தி எடுக்கிற ஆளு நான்."

"போகப் போகச் சரியாயிடும்."

"போகப் போக ஜாஸ்தியாகும்னுதான் சொல்றாங்க."

அம்மா வேறு என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். சேறு, பூச்சி, பாம்பு, முடி வெட்டச் சொல்லுவார்கள் என்பது வரை வந்துவிட்டாள். மகள் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தாள். கடைசியில் அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "நான் உன்கிட்ட இதுவரைக்கும் எதையாவது வேணும்னு கேட்டிருக்கேனா?" என்றாள். நூலு சிரிப்பதை நிறுத்தினாள்.

ஒன்பதாம் நாள் ஏழாம் பக்கத்தில் கடற்படைக்கு நேராக ஒன்று என்று எழுதி அனுப்பினாள். நேர்காணல் வரைக்கும் மாற்றிக்கொள்ளலாம் என்று விதி இருந்தது. மாற்றுகிற எண்ணம் யாருக்கும் இல்லை. நூலு கப்பல் மருத்துவத்தைப் பற்றி இரண்டு புத்தகம் எடுத்து வந்து படிக்கத் தொடங்கினாள். அம்மா அந்த வாரம்தான் வயிறாரச் சாப்பிட்டாள். பைகளைத் தைக்கும்போது பழைய வேகம் வந்துவிட்டது. யார் வீட்டுப் பிள்ளைக்கோ என்ற நினைப்பு வரும்போது, ஜிப்பின் நேர்கோட்டில் மட்டும் கண்ணை வைத்துக்கொண்டாள்.

ஆயிரத்து இருநூறு பை முடிந்திருந்தபோது ஸ்டோர் அதிகாரி மறுபடி வந்தார். ஜீப்பிலிருந்து ஒரு சுருள் துணியும் ஒரு பெட்டியும் இறக்கினார். துணி சாம்பல் நிறம். பெட்டி நிறையப் பித்தளை வளையங்கள்.

"ஒரு சின்ன மாற்றம்மா. மிச்சத்தை இந்தத் துணியில தைச்சிடுங்க. அடிப்பக்கம் ஓரமா எட்டு ஓட்டை போட்டு வளையம் அடிக்கணும். ஏற்கெனவே தைச்சதுக்கும் அடிச்சிடுங்க."

"ஓட்டையா? எதுக்கு சார்?"

"தண்ணி வடியணும்ல," என்றார் அவர், சாதாரணமாக. "இல்லைன்னா தூக்க முடியாது."

அவள் கையில் ஒரு வளையத்தை எடுத்தாள். "அப்ப அந்தப் பச்சைத் துணி?"

"அது கையிருப்புல கிடந்தது, முதல்ல அதைக் கொடுத்தோம். கலர்ல என்ன இருக்கு. எல்லாம் துறைமுக ஸ்டோருக்குத்தான் போகுது." சொல்லி முடித்த பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். முட்டியைத் தடவிக்கொண்டு, "வெள்ளிக்கிழமை லாரி வரும்," என்று கிளம்பிவிட்டார்.

அவள் அந்த வளையத்தைப் பெட்டியில் திரும்பப் போட வெகுநேரம் பிடித்தது. சத்தியமாக ஒரு நல்ல காரியம் செய்ததாக அவள் நினைத்திருந்தாள்.

நேர்காணலுக்கு நான்கு நாள் இருந்தது. மறுநாள் ஆட்கள் போன பிறகு, மகளைப் பட்டறைக்குக் கூட்டி வந்து கதவைச் சாத்தினாள். கையெழுத்துப் போட்ட தாளைப் பற்றி அவளுக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும் பையை விரித்தாள். நூலு கைப்பிடிகளை எண்ணினாள், ஜிப்பைத் திறந்தாள், அம்மா தேடிய மாதிரியே உள்ளே கையை விட்டுத் தேடினாள். அடியில் வளையங்களைத் தொட்டதும் நிமிர்ந்தாள்.

"எத்தனை?"

"நாலாயிரம். முதல் தவணை."

"கடல்ல என்னம்மா நடக்குது? நியூஸ்ல ஒண்ணும் இல்லையே."

"நியூஸ்ல வர்றதுக்கு முன்னாடி துணி வாங்கிடுவாங்க."

நூலு வெட்டு மேசை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். "தரைன்னு போட்டா ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றியா?"

"அதை யாரு சொல்ல முடியும்? இது தண்ணிக்குப் போகுது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். பச்சையைப் பாத்து நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்."

"எனக்கு இப்பதாம்மா கப்பல் பிடிக்கவே ஆரம்பிச்சுது," என்றாள் மகள். கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் கோபம் பாதியிலேயே வற்றிவிட்டது. "பயமா இருக்கும்மா."

"அப்ப போகவே வேண்டாம். விட்டுடு."

"டாக்டராகணும்ல." அவள் இறங்கி நின்றாள். "மாத்திடறேன்."

நேர்காணல் நடந்த கட்டடத்தில் ஒரு நீண்ட நடைகூடம். இரண்டு பக்கமும் இரும்பு நாற்காலிகள். பிள்ளைகள் ஒரு பக்கம், பெற்றவர்கள் ஒரு பக்கம். சுவர் முழுவதும் சீருடையில் நிற்கும் மருத்துவர்களின் படங்கள். தார்ப்பாய்க்காரம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். வந்ததும் வராததுமாக, "உங்க பொண்ணு ஃப்ரேம் மூக்கை அழுத்துது, லூஸ் பண்ணச் சொல்லுங்க," என்று ஆரம்பித்து, கால் மணி நேரத்தில் தன் குடும்பத்தையே அறிமுகப்படுத்திவிட்டாள். மகன் எதிரே உட்கார்ந்திருந்தான். உயரமான பையன். கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தான்.

"அவன் தரைன்னுதான் போட்டிருந்தான். அந்தப் பொடி எழுத்தைப் படிச்ச பிறகு நான் விடலையே. மூணு நாள் சோறு போடாம சண்டை போட்டு கடல்னு மாத்த வச்சேன்," என்றாள் கண்ணாடிக்கடை அம்மா. "கடல்தான் பத்திரம். சுத்தியும் தண்ணி. எவன் வரப்போறான்?"

இந்தப் பக்கம் இருந்த இன்னொருவரும் தலையாட்டினார். அந்த வரிசையில் கடல் என்று போடாத வீடே இல்லை போலிருந்தது. ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தார்ப்பாய்க்காரம்மா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள். விரல் நுனியில் வளையம் அடித்த பித்தளைக் கறுப்பு இன்னும் போகவில்லை. நடைகூடத்தின் முனையில் இரண்டு காவலர்கள் நின்றார்கள். கையெழுத்துப் போட்டது இவள்தான். ஒரு வார்த்தை வெளியே போனால் பட்டறைக்குப் பூட்டு, அதோடு மகளுடைய இடமும் போகும்.

"இன்னைக்கு வரைக்கும் மாத்திக்கலாமாம்," என்றாள், எங்கோ பார்த்தபடி.

"எதை?"

"படையை."

"மாத்தி? எதுக்குங்க மாத்தணும்?"

அந்தப் பெண் இவள் பக்கம் முழுதாகத் திரும்பிவிட்டாள். நேராகக் கேட்கிற முகம். இவள் வாயைத் திறந்தாள்.

"சும்மா சொன்னேன்," என்றாள்.

சற்று நேரத்தில் பையனைக் கூப்பிட்டார்கள். அவன் கைக்குட்டையைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, அம்மாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போனான். அவன் திரும்பி வந்த பிறகு நூலு போனாள்.

பஸ்ஸில் வரும்போதுதான் அவள் உள்ளே நடந்ததைச் சொன்னாள். மேசையில் மூன்று பேர். ஏன் மாற்றுகிறாய் என்று கடற்படை டாக்டர் கேட்டிருக்கிறார். வாந்தி வரும் என்று உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அவர் வாய்விட்டுச் சிரித்து, இந்த வருஷம் எல்லோரும் இந்தப் பக்கம் வருகிறார்கள், நீ ஒருத்திதான் அந்தப் பக்கம் போகிறாய், போ, எங்களுக்கு வேண்டிய ஆட்கள் கிடைத்துவிட்டார்கள் என்றாராம்.

"பக்கத்துல ஒரு டாக்டரம்மா இருந்தாங்க. அவங்க மட்டும் சிரிக்கலம்மா. பேப்பரையே பாத்துக்கிட்டு இருந்தாங்க." பிறகு கேட்டாள்: "அந்தக் கண்ணாடிக்கடை ஆன்ட்டிகிட்ட சொன்னியா?"

"இல்ல."

இறங்க வேண்டிய நிறுத்தம் வந்ததும் நூலு முன்னால் தனியாக நடந்து போனாள்.

பட்டியல் வந்தது. தரைக்குப் பதினான்கு பேர், விமானத்துக்கு ஆறு பேர், கடலுக்குத் தொண்ணூறு பேர். முந்தைய வருடங்களில் மூன்றும் ஏறக்குறைய சமமாகத்தான் இருக்கும் என்று அப்பா விசாரித்து வந்து சொன்னார். நூலு தரைப்படைச் சீருடையில் சேர்ந்தாள். உயரமான பையன் வெள்ளைச் சீருடையில் சேர்ந்தான்.

நடைகூடத்தில் வாங்கிப் போயிருந்த நம்பரில் கண்ணாடிக்கடை அம்மா அடிக்கடி கூப்பிடுவாள். ரெண்டும் ஒரே வகுப்பு, நாம விட்டுப்போகக் கூடாதுங்க என்பாள். பையன் எலும்புப் பெயர்களை மனப்பாடம் செய்வது, இரண்டு கிலோ கூடியது, சட்டை இறுக்கமானது எல்லாம் வரும். தார்ப்பாய்க்காரம்மா உம் கொட்டிக்கொண்டே வளையம் அடிப்பாள். பிறகு, போன் வரும்போது சுத்தியலைக் கீழே வைக்கப் பழகினாள். சத்தம் அந்தப் பக்கம் கேட்கக் கூடாது என்று நினைத்தாள்.

நாலாவது மாதம் ஒரு திங்கட்கிழமை காலை போன் வந்தது.

"கடல்ல சேந்த முதல் வருஷப் பிள்ளைங்களையெல்லாம் கப்பல்ல ஏத்துறாங்களாம். வியாழக்கிழமை. பயிற்சிதானாம், ஒரு மாசம்." குரல் வழக்கம்போல் ஓடியது, பிறகு நின்றது. "உங்க பொண்ணைக் கூப்பிடலையாமே?"

"இல்லைங்க."

"சும்மாதான் கேட்டேன். பயிற்சிதானே, இல்லையா?"

பட்டறையில் ஆறு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. தார்ப்பாய்க்காரம்மா போனோடு பின்கட்டுக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் நின்றாள்.

"அவனை அனுப்பாதீங்க," என்றாள். "காய்ச்சல்னு சொல்லுங்க, காலை உடைச்சுக்கிட்டான்னு சொல்லுங்க. எதையாவது சொல்லுங்க." பிறகு என்ன தைக்கிறாள் என்று சொன்னாள். எத்தனை என்று சொன்னாள். அடியில் எதற்கு ஓட்டை என்றும் சொன்னாள். முழுதும் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"நேர்காணலுக்கு நாலு நாள் முன்னாடி."

"நான் உங்க பக்கத்துலதான உக்காந்திருந்தேன்," என்றாள் கண்ணாடிக்கடை அம்மா. திட்டவில்லை, அழவில்லை. போனை வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அந்த எண்ணிலிருந்து அழைப்பு வரவில்லை. இவள் கூப்பிட்டபோது எடுக்கவும் இல்லை.

யாராவது வந்து விசாரிப்பார்கள் என்று இரண்டு நாள் காத்திருந்தாள். யாரும் வரவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் நூலு கல்லூரியிலிருந்து கூப்பிட்டாள். "கப்பல் போயிருச்சும்மா. காய்ச்சல்னு சொன்ன பசங்களையும் ஏத்திட்டாங்க. கப்பல்லயே டாக்டர் இருக்காங்கன்னுட்டாங்க." அம்மா மெஷினை நிறுத்தினாள். "அவனும் போயிட்டான். அவங்க அம்மா கேட் வரைக்கும் வந்து, உள்ள விடலைன்னு அங்கேயே நின்னுட்டு இருந்தாங்களாம்."

ஞாயிற்றுக்கிழமை அப்பா காரில் அம்மாவைக் கல்லூரிக்குக் கூட்டிப் போனார். பார்வையாளர் நேரம் இன்னும் ஆகவில்லை என்று காவலர் சொன்னார். மைதானத்தை ஒட்டிக் கம்பி வேலி ஓரமாக நிற்கச் சொன்னார். தொண்ணூறு பேர் போன பிறகு விடுதியில் பாதி ஜன்னல்கள் மூடிக் கிடந்தன. மைதானத்தில் தரைப்படைப் பிள்ளைகள் பதினான்கு பேருக்கும் ஏதோ பயிற்சி நடந்தது. ஒருத்தி புல்லில் மல்லாந்து கிடந்தாள். நாலு பேர் அவளைச் சுற்றி மண்டியிட்டு, காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பயிற்சியாளர் கையில் கடிகாரம் வைத்திருந்தார்.

கிடந்தவளின் கண்ணாடி பக்கத்தில் புல்லில் கிடந்தது.

"நூலு," என்று கூப்பிட்டாள் அம்மா.

அவளுக்குக் கேட்காமல் இருந்திருக்காது. வேலிக்கும் அவளுக்கும் இருபதடி கூட இல்லை. "அடிபட்டவங்க அசையக் கூடாது, அசைஞ்சா முதல்லேர்ந்து," என்று பயிற்சியாளர் சொன்னார். அப்பாவின் வலது கால் வேலிக்கு அடியில் மண்ணை அழுத்தி அழுத்திக் குழி பறித்துக்கொண்டிருந்தது. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை கூப்பிட்டாள். மகள் கண்ணை மூடியபடியே கிடந்தாள்.